உரம் குறைவில்லை, தண்ணீர் முறைதான் பிசகியது

கேள்வி: முக்கால் ஏக்கரில் முட்டைக்கோஸ் வைத்தோம். எப்போதும் போடும் உரம்தான் போட்டோம். சீக்கிரம் வருமென்று ரகத்தை மட்டும் மாற்றி, 60 நாள் ரகம் நட்டோம். கிணற்றில் தண்ணீர் குறைந்ததால் வாரம் ஒருமுறைதான் பாய்ச்ச முடிந்தது. பாய்ச்சும்போது நிறையவே விட்டோம். வெளியே பார்க்கக் காய் நன்றாக இருந்தது. வியாபாரி இரண்டை அறுத்துப் பார்த்தார். உள் இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகிக் கிடந்தது. பாதி விலைக்குத்தான் எடுத்தார். அடுத்த நடவுக்கு ஒரு மூட்டை காம்ப்ளக்ஸ் கூடுதலாகப் போடலாமா?
- வாசகி, தேன்கனிக்கோட்டை பகுதி

பதில்: வேண்டாம். காசும் போகும், கருகலும் கூடும்.

உள் இலை ஓரம் கருகுவது சுண்ணாம்புச்சத்து கிடைக்காததால். பெரும்பாலும் அந்தச் சத்து மண்ணில் இருக்கும். உள் இலைக்குப் போய்ச் சேராது. சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் வேரிலிருந்து மேலே ஏறும். பகல் வெயிலில் வெளி இலைகள் நீரை ஆவியாக விடுவதால், சத்தும் அங்கேயே போய்த் தங்கிவிடும். தங்கியது மறுபடி உள்ளே நகராது. காய்க்குள் மூடிக் கிடக்கும் குருத்திலைக்கு, இரவில் வேர் மேலே தள்ளும் நீரோடுதான் சத்து கிடைக்கும். மண் காய்ந்தால் அந்த வழியும் அடைபடும். காய் மூடிய பிறகு கால்சியம் தெளித்தாலும் உள்ளே போகாது.

காயப்போட்டு ஒரேயடியாக நீர் கட்டுவதில் இன்னொரு நட்டமும் உண்டு. கோஸின் வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் இருக்கும். யூரியாவிலிருந்து வரும் தழைச்சத்து அதற்குக் கீழே கரைந்து போய்விடும். காய் வெடிப்பதும் இதனால்தான்.

ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. கோல்டன் ஏக்கர் போன்ற ரகம் நட்ட 60, 65 நாளில் அறுவடைக்கு வரும். நீலகிரியில் நடும் செப்டம்பர் ரகம் 100 நாளை ஒட்டி நிற்கும். குறுகியகால ரகம் தனக்கு வேண்டியதைச் சில வாரங்களிலேயே எடுத்தாக வேண்டும். காய் கட்டும்போது நாலு நாள் மண் காய்ந்தாலும் உள்ளே தெரிந்துவிடும். நீண்டகால ரகம் நிதானமாக வளரும். ஆனால் அத்தனை நாளும் தண்ணீர் வேண்டும். தவிர, ஒரே வயதுள்ள ரகங்களிலும் சில அதிகம் கருகும், சில தாங்கும்.

அடுத்த நடவுக்குச் செய்ய வேண்டியவை:

1. கிணறு தாங்கும் அளவுக்கே நடுங்கள். முக்கால் ஏக்கரில் பாதி விலைக் காய் எடுப்பதைவிட, அரை ஏக்கரில் நல்ல காய் எடுப்பது மேல்.

2. வாரம் ஒருமுறை விடும் தண்ணீரை இரண்டு, மூன்று தடவையாகப் பிரித்து, மாலையில் விடுங்கள். குருத்து உள்மடங்கத் தொடங்கியதிலிருந்து இது கட்டாயம். அரையடி ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். சொட்டுநீர் இதற்கு மிகவும் ஏற்றது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

3. யூரியாவைப் பிரித்து இடுங்கள். காய் கட்டிய பிறகு அள்ளிப் போட்டால் இலை வேகமாக வளரும், சுண்ணாம்புச்சத்து ஈடு கொடுக்காது. பொட்டாஷ் மிஞ்சினாலும் இதே கதைதான்.

4. மண் பரிசோதனை செய்யுங்கள். மண் புளித்திருந்தால் மட்டும் சுண்ணாம்பு இடலாம்.

5. புது ரகத்தை முதல் தடவை நாலு வரிசை மட்டும் நட்டுப் பாருங்கள்.

காய் கெட்டியானதும் வியாபாரிக்கு முன்னால் நீங்களே நாலைந்து காயை அறுத்துப் பாருங்கள். கருகல் தொடங்கியிருந்தால் காத்திருக்காமல் அறுவடை செய்துவிடுங்கள். நாள் தள்ளத் தள்ள அது கூடத்தான் செய்யும்.