அஞ்சத்தக்கது எது?

அச்சத்தை நீக்கிக்கொள்ளப் பொருள் செலவிடுவாரை நாம் அறிவோம். அச்சத்தைப் பெறும்பொருட்டே பொருள் செலவிடுவாரும் உலகில் உளர். சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில், என் அத்தை மகளின் திருமணத்துக்காக அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்திற்குச் சென்றிருந்தபோது, அத்தகையோர் கூட்டத்தில் யானும் ஒருவனாக நின்றேன். மாத இறுதியில் வரும் ஹாலோவீன் என்னும் நாளை முன்னிட்டு, அந்நாட்டினர் ஊர்ப்புறத்துக் காடுகளில் பேய்க்காட்சிகளை அமைத்து, சீட்டு விற்று, இருட்டில் மக்களை உள்ளே விடுகின்றனர். அக்காட்டில் யான் கண்டதும், கண்டபின் கருதியதும் நம் கலாசாலை நண்பர்க்கு உரைக்கத்தக்கன என்று தோன்றியமையால் இதனை எழுதலானேன்.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31-ஆம் நாள். மறுநாளாகிய நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாள். அதற்கடுத்த நாள் மரித்தோரை நினைக்கும் நாள். பரிசுத்தவான்கள் திருநாளுக்கு முந்திய மாலை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரே சிதைந்து ஹாலோவீன் என்றாயிற்று. அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் அப்பருவத்தில் அயர்லாந்து முதலிய நாடுகளில் பண்டைக் கெல்த்திய மக்களும் ஒரு விழா எடுத்தனர். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் நேர்ந்தபோது கடல் கடந்த மக்கள், தம் வறுமையோடு இவ்வழக்கத்தையும் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். தாய்நாட்டில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அங்கே பரங்கிக்காயைக் குடைந்தனர். 1930-களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், அன்றிரவு தெருக்களில் குறும்பும் சேதமும் செய்து திரிந்த சிறுவரை வேறு வழியில் ஈர்க்க வேண்டிப் பெற்றோர் தத்தம் வீட்டு நிலவறைகளில் பேய்க்காட்சி அமைத்தனர். அன்று வீட்டு விளையாட்டாக இருந்தது இன்று பெரும் வாணிபமாகிவிட்டது.

யாங்கள் சென்ற காட்டில் வழி ஏறத்தாழ ஒரு மைல். கயிறு கட்டிய ஒற்றையடிப் பாதையில் அறுவர் அறுவராக எம்மை விட்டனர். பகலில் அவ்விடம் வெறும் மரத்தோப்பே. அச்சுறுத்தும் பொருள் ஒன்றும் அங்கில்லை. இருளும், எங்கோ ஒரு கதவு கிரீச்சிடும் ஓசையும், அடுத்து என்ன வரும் என்னும் எதிர்பார்ப்புமே அதனைப் பேய்க்காடு ஆக்கின. ஒருவன் இயந்திர ரம்பத்தை முழக்கிக்கொண்டு எம்மேல் ஓடிவந்தான். அதன் பற்சங்கிலி கழற்றப்பட்டிருந்தது என்பதை முன்பே கேட்டறிந்திருந்தும் யான் அலறினேன். வேடம் புனைந்தோர் எம்மைத் தொடலாகாது, யாங்களும் அவரைத் தொடலாகாது என்பது அங்கே விதி. ஓடி முடித்தபின் எல்லோரும் சிரித்தோம்.

இதனை வெறும் மூடத்தனம் என்று எள்ளுவார் ஒரு சாரார். இருளின் கிரியைகளோடு விளையாடல் விசுவாசிக்குத் தகாது என்று கடிவார் மற்றொரு சாரார். இருவரும் கூறுவனவற்றில் உண்மை உண்டேனும், அக்காட்டில் யான் கண்ட குறை இவ்விரண்டும் அன்று. பேய் உண்டென்று நம்புவார் எவரும் அங்கு வந்ததாகத் தோன்றவில்லை. நாடகத்தில் அழுகையைச் சுவைப்பது குற்றமாகாதெனின், அச்சத்தைச் சுவைப்பதும் குற்றமாகாது. ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் களன்கள் நான்கு என்றும் வகுத்தார். பேய் முதலிய அணங்குகள், கொடிய விலங்குகள், கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. அக்காட்டில் பேய் இருந்தது. ஓநாய் முகமூடி இருந்தது. வழிப்பறிக் கள்வரும் இருந்தனர். நான்காவது களனும், வரிசை பிறழ்ந்தோரை வாயிலில் நின்ற காவலர் உரப்பிய உரப்பலில் ஒருவாறு கிட்டியது.

பொய்யச்சத்தை நடத்துவோர் மெய்யான தீங்கைக் குறித்து அஞ்சுதல் வேண்டும் என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். 1984-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், நியூ ஜெர்ஸி மாகாணத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பேய்க்கோட்டையில் தீப்பற்றி, இளைஞர் எண்மர் மாண்டனர். அதன்பின்னரே இத்தகைய கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய்களும் புகை அறியும் கருவிகளும் வேண்டுமெனும் விதிகள் வலுப்பெற்றன. ஆகவே, விளையாட்டு என்னும் சொல் எல்லாப் பொறுப்பையும் நீக்கிவிடாது.

இனி, அக்காட்டின் இறுதிக் காட்சியைக் கூறுவேன். பலகைகளால் ஒரு பித்தர் மருத்துவமனை சமைத்திருந்தனர். கிழிந்த அங்கியணிந்து, கட்டிலோடு கட்டுண்டு, வாய்நீர் ஒழுக ஓலமிடுவோர் அங்கே பேய்களின் இடத்தில் இருந்தனர். யாங்கள் அலறி ஓடினோம். எம்மோடு வந்த என் அத்தையின் இளைய மகன் மட்டும் ஓடவில்லை. அவனுக்குப் பதினாறு வயது. அறிவு வளர்ச்சி வயதிற்கேற்ப அமையாதவன். சொற்கள் மெல்லவே வரும். அவன் கட்டிலருகே சென்று, கட்டுண்டு கிடந்தவரை நோக்கி, வலிக்கிறதா என்று கேட்டான். அவர் தம் வேடத்தை மறந்து, இல்லை தம்பி, வலிக்கவில்லை என்று அந்நாட்டு மொழியில் தாழ்ந்த குரலில் விடை கூறினார். அவன் தலையசைத்துவிட்டு வந்தான். வெளியே வந்தபோது ஏனையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாம் எவரைக் கண்டு ஓடினோமோ அவர் இவனைப் போன்றவரே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மாகாணத்தில் இக்காட்சி வெறும் கற்பனையும் அன்று. அங்கே பென்ஹர்ஸ்ட் என்னும் அரசாங்க இல்லம் ஒன்று, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கும் காக்கைவலிப்பு நோயுற்றோருக்குமென 1908-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நாளடைவில் இடமின்றி நெருக்குண்டும், பேணுவாரின்றியும் அங்குள்ளோர் அடைந்த துயரத்தை 1968-ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சிப் படம் நாட்டோர்க்குக் காட்டியது. அவர்தம் உரிமைகள் மீறப்பட்டன என்று 1977-ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1987-ஆம் ஆண்டில் அவ்வில்லம் மூடப்பட்டது. அதே கட்டடங்களில் 2010-ஆம் ஆண்டில் ஹாலோவீன் பேய்க்காட்சி ஒன்று தொடங்கியது. அங்கே வாழ்ந்து துன்புற்றோரின் நினைவுக்கு இது தகாது என்று மாற்றுத்திறனாளர் நலம் நாடுவோர் எதிர்த்துரைத்தனர். அன்று அங்கே கட்டுண்டு கிடந்தவர் எவரையும் அச்சுறுத்தியவர் அல்லர். அஞ்சிக் கிடந்தவரே அவர். அவருடைய அச்சத்தைத் திருப்பி, அவரையே அச்சுறுத்தும் பேயாக்குதல் நீதியன்று.

நடிப்போர் நோயாளர் அல்லரே, இதனால் எவர்க்கு என்ன இழப்பு என்று வினவலாம். இவ்வாறு வரும் பொருள் இடியும் கட்டடங்களைக் காக்க உதவுமே என்றும் கூறலாம். கட்டடத்தைக் காத்தல் நன்றே. ஆயினும், அதனுள் வாழ்ந்தோரின் உண்மை வரலாற்றைக் காட்டியும் அதனைக் காக்கலாம். இழப்பு எவர்க்கெனின், நாளைப் பொழுது என் அத்தை மகனுக்கு அருகே பேருந்தில் அமர அஞ்சி வேறிடம் தேடும் ஒவ்வொருவராலும் இழப்பு அவனுக்கே. பேயை அஞ்சப் பழகியவன் பேயை எதிர்ப்படப் போவதில்லை. துன்புற்றோரை அஞ்சப் பழகியவனோ அவரை எதிர்ப்பட்டே தீர்வான். தொல்காப்பியனார் நோயையும் வருத்தத்தையும் அச்சத்தின் களன்களுள் வைத்தாரல்லர் என்பதை நினைக்குந்தோறும், அந்நூற்பாவின் நுட்பம் எனக்கு முன்னினும் விளங்குகின்றது.

ஆதலின், நண்பர்களே, பேய்க்காட்டை அழிக்க வேண்டுமென யான் கூறேன். வாய்ப்பு நேரின் நீவிரும் செல்லுக. பேயையும் ஓநாயையும் கள்வரையும் கண்டு மனமார அலறுக. நோயுற்றோரையும் அறிவு குன்றியோரையும் பேயாக்கிக் காட்டும் இடம் வரின், அங்கே மட்டும் அலறி ஓடாது சற்றே நில்லுங்கள். பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்திய அந்த இரவில், அக்கூட்டம் முழுவதிலும் அந்நாளின் பெயருக்கேற்ப ஒழுகியவன், வலிக்கிறதா என்று கேட்ட அப்பிள்ளை ஒருவனே.