தடுக்காதது எல்லாம் தகுமா?

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாக்குவாதம். போட்டிக்கு வண்டி கட்டும் பொறியியல் நண்பர் ஒருவர் விதிப்புத்தகத்தை மேசைமேல் ஓங்கித் தட்டினார். "இதில் எங்கே தடுத்திருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம்! தடுக்கவில்லை என்றால் அனுமதி உண்டு என்றுதானே பொருள்?" என்று முழங்கினார். சாம்பார் ஆறிப்போயிற்றே தவிர வழக்குத் தீரவில்லை. அன்று எனக்குச் சொல்லத் தோன்றாத பதிலை இன்று எழுதுகிறேன்.

இதே கேள்வியோடு பல்லாண்டுகளாக மல்லாடி வரும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பானவில் உப்புவெளிதான் அது. 1949 முதல், உப்பு ஈரமாகிப்போன சில ஆண்டுகள் நீங்கலாக, அங்கே 'வேக வாரம்' நடந்து வருகிறது. நடத்துவது 1937இல் தோன்றிய தென் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம். வருகிறவர்களில் மிகப் பலர் தம் வீட்டுக் கொட்டகையில், தம் சொந்தக் காசில் வண்டி கட்டியவர்கள். அவர்கள் பணப்பரிசைத் தேடி வருவதில்லை. ஏட்டில் ஒரு வரி, தம் பெயருக்கு நேரே ஓர் எண், அதுதான் அவர்கள் வேண்டுவது.

அங்கே வண்டிகள் அருகருகே ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக ஓடிக் கடிகாரத்தோடு மோதுகின்றன. அப்படியானால் எதிராளி யார்? பத்து ஆண்டுகளுக்கு முன்போ, முப்பது ஆண்டுகளுக்கு முன்போ ஓடிச் சென்ற ஒருவர். இன்று அவர் களத்தில் இல்லை. "இது முறையன்று" என்று கைதூக்கிச் சொல்ல அவரால் இயலாது. அவருக்காகப் பேசுவது விதி ஒன்றுதான். விதிக்குப் பொருள் கொள்ளும் வேலை இத்தனை கனமாவது இதனால்தான்.

விதிகள் வண்டிகளை வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இயந்திரத்தின் கொள்ளளவுக்கு ஒரு பிரிவு; உடலமைப்புக்கு ஒரு பிரிவு; எரிபொருளுக்கு ஒரு பிரிவு. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே ஓட வேண்டிய வகுப்பும் உண்டு. மூக்கை நீட்டிக் காற்றைக் கிழிக்க இடங்கொடுக்கும் வகுப்பும் உண்டு. சிக்கல் வகுப்புகளின் எல்லையில் பிறக்கிறது. கதவிடுக்கை ஒட்டுநாடாவால் மூடினால் அது பராமரிப்பா, மாற்றமா? முன்புறத்தைத் தாழ்த்துவது சக்கர வேலையா, உடல் வேலையா?

"இது என்ன அற்பம்!" என்று தள்ளிவிட வேண்டாம். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியாக வளர்கிறது. வேகம் இருமடங்கானால் திறன் எட்டு மடங்காக வேண்டும். மணிக்கு 200 மைல் ஓடும் வண்டி 207 மைல் ஓட விரும்பினால், உப்பின் உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டாலும், இயந்திரத்தின் திறன் ஏறக்குறைய 11 விழுக்காடு உயர வேண்டும். ஆனால் காற்றெதிர்ப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதே 207 கிட்டிவிடும். ஒரு தகட்டை வளைத்துப் பெறுவது ஓராண்டு இயந்திர உழைப்புக்கு ஈடாகலாம். எனவேதான் எல்லாக் கண்களும் அந்தத் தகட்டின்மேல் இருக்கின்றன.

சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெட்ரோல் வகுப்பில் ஓடுவோர் அங்கே அதிகாரபூர்வமாக விற்கும் பெட்ரோலையே வாங்க வேண்டும். தொட்டிக்கு முத்திரையும் வைப்பார்கள். ஒருவர் அதன்படியே செய்துவிட்டு, இயந்திரத்துக்குள் நைட்ரஸ் ஆக்சைடையும் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இது எரிபொருள் அன்று, எரிய உதவும் பொருள். வேதியியல் பேராசிரியரைக் கேளுங்கள்" என்கிறார். பேராசிரியரும் ஆமென்றே சொல்வார். ஆனால் அந்த வாயு சிதைந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். காற்றிலோ ஐந்தில் ஒரு பங்குதான். பெட்ரோலும் பானவில் காற்றும் சேர்ந்து என்ன செய்யும் என்று அளக்கவே அந்த வகுப்பு ஏற்பட்டது. அதனால் அங்கே நைட்ரஸைப் பெட்ரோல் வகுப்பில் சேர்க்காமல், பிற எரிபொருள்களுக்கான வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். சொல் ஒரு பக்கம் இழுக்க, நோக்கம் மறுபக்கம் இழுத்தது, நோக்கம் வென்றது. அதுவே முறை.

"அப்படியானால் புதுமைக்கு வழி?" என்று நண்பர் கேட்பார். நல்ல கேள்வி. 1946இல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் எண்ணெய்த் தொட்டியையே வண்டியின் உடலாக்கி ஓட்டினார். எந்த விதிக்காரர் அதை எதிர்பார்த்திருப்பார்? அவ்வகை வண்டிகளை யாரும் விரட்டிவிடவில்லை. சக்கரங்கள் வெளியே தெரியும் அத்தகைய வண்டிகளுக்குத் தனி வகுப்பே ஏற்பட்டது. 1963இல் கிரேக் பிரீட்லவ் ஜெட் இயந்திரமும் மூன்று சக்கரமும் கொண்ட ஊர்தியில் பானவில்லில் மணிக்கு 407 மைல் ஓடினார். உலக மோட்டார்க் கார்ச் சம்மேளனம் ஏற்க மறுத்தது. மோட்டார் சைக்கிள் சம்மேளனமோ மூன்று சக்கர ஊர்தி என்று ஏற்றுக்கொண்டது! மறு ஆண்டு டொனால்டு கேம்பல் ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில், சக்கரங்களைச் சுழற்றியே ஓடும் வண்டியில் 403 மைல் எட்டினார். எது பெரிது என்ற பூசல், ஜெட் வண்டிகளுக்குத் தனி இடம் ஒதுக்கியபோதுதான் அடங்கியது. புதியதற்குப் புது வீடு கட்டலாம்; பழைய வீட்டின் சுவரை இடிக்க வேண்டாம்.

நோக்கத்தைப் பார்ப்பது என்று சொல்லிச் சோதனையாளர் சர்வாதிகாரியாகிவிடக் கூடாது என்பதையும் ஒப்புகிறேன். என் கருத்து மூன்று. ஐயம் எழுந்தால் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். வெல்டிங் முடிந்தபின் கேட்பது கேள்வியன்று, மன்றாட்டு. பதிலும் காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். கேட்டவருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் தெரிய வேண்டும். அப்படியும் ஐயம் தீராவிட்டால் பலன் களத்தில் இல்லாதவருக்கே போகட்டும். புதியவர் ஒரு படி தாராளமான வகுப்பில் ஓடட்டும்.

களத்தில் இல்லாதவரை மதித்ததற்கு ஒரு சான்றோடு முடிக்கிறேன். நியூசிலாந்துக்காரர் பர்ட் மன்றோ 1920ஆம் ஆண்டு இந்தியன் மோட்டார் சைக்கிளை ஆண்டுக்கணக்கில் இழைத்து இழைத்து, 1967இல் பானவில்லில் 183.586 மைல் என்று சாதனை பதித்தார். 1978இல் மறைந்தார். சராசரி கணக்கிட்டதில் பிழை இருந்ததை அவர் மகன் சுட்டிக்காட்ட, 2014இல் ஏடு திருத்தப்பட்டது: 184.087. அரை மைல்தான், அதுவும் மறைந்து 36 ஆண்டுகள் ஆன ஒருவருக்கு!

நண்பரே, அந்த அரை மைலுக்கு இருக்கும் மதிப்பே விதிக்கும் இருக்க வேண்டும் என்கிறேன். "எங்கே தடுத்திருக்கிறது?" என்று கேட்குமுன், "இது யாருடைய எண்ணைத் தொடுகிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிறகு சாம்பார் ஆறாமல் சாப்பிடலாம்.