லேசர் சுட்டால் மட்டும் போதுமா?

2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, பௌதிகம் படிக்கிற என்னிடம் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "கையடக்க லேசர் கருவி இருக்கிறதாமே, பாறையில் ஒரு சூடு போட்டால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுமாமே?" இருக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு என்பதில்தான் எனக்குத் தகராறு.

முறை என்னவோ அழகானதுதான். லிப்ஸ் என்று பெயர். சில நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பைப் பாறையில் ஒரு புள்ளியில் குவித்தால், அந்த இடம் ஆவியாகிப் பத்தாயிரம் டிகிரி அளவுக்குக் கொதிக்கும் பிளாஸ்மா ஆகிவிடும். அது ஆறும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்து சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று பெயர் சொல்லலாம். அமிலம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஐசிபி-எம்எஸ் கருவிக்குக் கொடுப்பதென்றால் முதலில் கனிமத்தைக் கரைக்க வேண்டும். மோனசைட், சிர்க்கான் போன்றவை லேசில் கரைகிற ஜாதி இல்லை.

இப்போது குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலை எடுத்துக்கொள்ளுங்கள். (1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். கயிறு விற்கப்போய் கனிமம் மாட்டிக்கொண்டது!) இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கும் மணல் அது. ஒரு துகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இருக்கும். பல கருவிகளில் லேசர் புள்ளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, ஒரு சூட்டுக்கு ஒரு துகள். மோனசைட்டில் பட்டால் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடு. பக்கத்துக் கார்னெட்டில் பட்டால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். இதில் எதை மணலின் அளவு என்பது? அரைத்து, வில்லையாக அழுத்தி, பல இடங்களில் சுட்டுச் சராசரி எடுத்தால்தான் பேச்சுக்கே வரலாம்.

அப்போதும் இல்மனைட்டின் இரும்பும் டைட்டானியமும் தங்கள் கோடுகளைக் கொட்டி வைத்திருக்கும். அருமண் தனிமங்களுக்கும் கோடுகள் ஏராளம். திருவிழாக் கூட்டத்தில் ஆள் தேடுகிற கதைதான். போதாததற்கு, அதே அளவு சீரியம் வேறு கனிமத்துக்குள் இருந்தால் கோட்டின் பிரகாசமே மாறும். அதனால்தான் 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி, தன் லேசர் கருவியைச் சரிபார்க்க, கலவை தெரிந்த வில்லைகளையும் கூடவே சுமந்து போனது.

மோனசைட்டைத் தொட்டால் தோரியமும் கூடவே வரும். அதன் பக்கத்தில் குடியிருப்பது கடற்கரை ஜனங்கள். ஆகவே எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று களத்தில் பொறுக்கி எடுக்க லிப்ஸைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தோண்டுவதற்கான அறிக்கையில் சதவீதம் எழுதினால், எத்தனை சூடு, எந்த ஒப்பீட்டு மாதிரி, கரைத்துச் செய்த சோதனையில் என்ன வந்தது என்ற மூன்றும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.