அட்லர் எழுதித் தந்த மருந்து

உடம்பில் கட்டுகளோடு ஒரு சிறுவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே அவனுடைய அண்ணன் ஓடியாடி விளையாடுகிறான். 1870-இல் வியன்னாவின் புறநகரில் பிறந்த உளவியலாளர் ஆல்ஃபிரெட் அட்லருக்கு நினைவில் நின்ற முதல் காட்சிகளில் இதுவும் ஒன்று. எலும்பை மென்மையாக்கும் ரிக்கெட்ஸ் நோய் அவருக்கு. அண்ணனோ நல்ல திடகாத்திரம். அட்லருக்கு நான்கு வயது நெருங்கும்போது தம்பி இறந்துபோனான். அடுத்து அவருக்கே நிமோனியா வந்தது. பிள்ளை தேறாது என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். பிழைத்தெழுந்த பையன், தானும் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தான்.

பள்ளியில் கணக்கு வரவில்லை. ஒரே வகுப்பில் இரண்டாவது ஆண்டும் உட்கார வேண்டியிருந்தது. இவனைக் காலணி செய்பவரிடம் தொழில் பழக விடுங்கள் என்று ஆசிரியர் அப்பாவிடம் சொன்னார். தானிய வியாபாரியான அப்பா அதைக் கேட்கவில்லை. பையனைத் தொடர்ந்து படிக்கவைத்தார். பிறகு ஒருநாள், ஆசிரியரே திணறிய கணக்கை எழுந்துபோய்ப் போட்டுக் காட்டினான் மாணவன். பின்னாளில் அட்லரே சொன்ன கதை இது. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தக் கணக்கல்ல, ஆசிரியரின் தீர்ப்பை வீட்டுக்குள் விடாத அப்பாதான்.

1895-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர் வைத்தியம் பார்த்த இடம் பிராட்டர் கேளிக்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில். கழைக்கூத்தாடிகளும் சர்க்கஸ்காரர்களும் அவரிடம் வந்தார்கள். மலைக்கவைக்கும் வித்தை காட்டும் அவர்களில் பலர் சிறுவயதில் நோஞ்சானாக இருந்தவர்கள். குறை இருந்த இடத்திலேயே பலம் வளர்ந்திருந்தது. உடலுறுப்புகளின் குறைபாடு பற்றி 1907-இல் நூல் எழுதினார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்டின் வட்டத்தில் தொடக்கம் முதலே இருந்தவர், 1911-இல் கருத்து வேறுபட்டு வெளியேறினார்.

இன்று நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் தாழ்வு மனப்பான்மை என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் அட்லர்தான். ஆனால், அவர் சொன்னதில் பாதிதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. ‘நான் போதாதவன்’ என்ற உணர்வை அவர் நோயாகக் கருதவில்லை. மனிதக் குழந்தை எல்லோரையும்விடச் சின்னதாக, எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்வைத் தொடங்குகிறது. நடக்கவும் பேசவும் கற்கவைப்பது அந்தக் குறையுணர்வே. ஒருவர் அதற்குப் பயந்து தேர்வு, வேலை, நட்பு என ஒவ்வொன்றிலிருந்தும் ஒதுங்கத் தொடங்கும்போதுதான் அது சிக்கலாகிறது. சிலர் அடுத்தவரை மட்டம்தட்டித் தங்களை உயர்த்திக்கொள்கிறார்கள். அதுவும் அதே பயம்தான்.

முதல் உலகப் போர் முடிந்தபின் அட்லர் வியன்னாவில் குழந்தைகளுக்கான ஆலோசனை மையங்களைத் தொடங்கினார். பள்ளிக் கட்டடங்களிலேயே அவை நடந்தன. ஏறக்குறைய முப்பது வரை பெருகின. மூடிய அறைக்குள் ரகசியமாக எதுவும் நடக்கவில்லை. ஆசிரியர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, முதலில் பெற்றோரிடமும் பிறகு குழந்தையிடமும் பேசுவார். மக்கு, முரடு என்று பெயர் வாங்கிய பிள்ளையை ஊக்கம் இழந்த பிள்ளையாக மட்டுமே அவர் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டியே வளர்க்கும் நமக்கு இந்தப் பார்வை இன்னும் கைவரவில்லை என்பது வருத்தமானது. 1934-இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகார ஆட்சி வந்தது, மையங்கள் மூடப்பட்டன.

இழந்த தன்மதிப்பை எப்படித் திரும்பப் பெறுவது? கண்ணாடி முன் நின்று ‘நான் சிறந்தவன்’ என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் அதை உடனே மறுத்துவிடும். அட்லர் காட்டிய வழி வேறு. நான் யாருக்காவது பயன்படுகிறேன் என்று உணரும்போதுதான் மனிதனுக்குத் துணிவு வருகிறது என்றார் அவர்.

மனச்சோர்வோடு வருபவர்களிடம் அவர் சொன்ன யோசனையை 1931-இல் வந்த நூலில் எழுதியிருக்கிறார். இன்று யாரை, எப்படி மகிழ்விக்கலாம் என்று தினமும் யோசியுங்கள். பதினான்கு நாளில் குணமாகலாம். என் கவலைக்கே நேரம் போதவில்லை என்பார் சிலர். கவலையை நிறுத்த வேண்டாம், நடுநடுவே பிறரையும் நினையுங்கள் என்பார் அட்லர். தூக்கம் வரவில்லை என்பவர்களுக்கும் அவர் மருந்தை மாற்றவில்லை. விழித்திருக்கும் நேரத்தில் இதை யோசிக்கலாமே என்று சொல்லி அனுப்பினார்.