இடுப்பு வலியும் அன்றாட முடக்கமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அரிசி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றி இறக்குவோர் ஒருபுறம். ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் கல்லில் துணி துவைத்தும், நாள் முழுதும் நின்றபடி இஸ்திரி போட்டும் பிழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் மறுபுறம். இவ்வூரில் பலருக்கு முதுகே மூலதனம். சுமைத் தொழிலாளர் ஒரு தடவையில் தூக்கும் எடையின் உச்சவரம்பை 75 கிலோவிலிருந்து 55 கிலோவாகக் குறைத்துக் கேரள அரசு 2021-ஆம் ஆண்டு சட்டம் திருத்தியதும் இம்மூலதனத்தைக் காக்கவே.

இடுப்பில் ரணசிகிச்சை செய்துகொண்டு திரும்பிய அன்பர்களைப் பற்றி நம்மவர் இருவிதமாகப் பேசிக்கொள்வதுண்டு. “அவருக்குச் செய்தார்கள், மூன்றே மாதத்தில் வேலைக்கு வந்துவிட்டார்” என்பது ஒன்று. “இவருக்கும் அதையேதான் செய்தார்கள், இன்னும் குனிய முடியவில்லை” என்பது மற்றொன்று. முதற் பேச்சைக் கேட்டு ஒரு வீட்டார் சிகிச்சைக்குத் துணிகிறார்கள். இரண்டாவதைக் கேட்டு இன்னொரு வீட்டார் பின்வாங்குகிறார்கள். பிறர் முதுகைக் கொண்டு நம் முதுகை அளப்பது சரியான அளவையன்று.

எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டும் முழுதாக அளந்துவிட முடியாது. முதுகு வலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் படமெடுத்துப் பார்த்து 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டிஸ்க் என்னும் தட்டுகள் யாவும் பழுதின்றி இருந்தவர்கள் 36 சதவிகிதத்தினரே. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 44 பேருக்கு ஒரேவிதமான சிகிச்சை. ஒரு சாராருக்குப் படத்தில் கண்ட குறைகளை எல்லாம் விவரித்தார்கள். மறுசாராருக்கு, வயதுக்கேற்ற சிறு மாறுதல்களே, முதுகு நன்றாயிருக்கிறது என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரத்துக்குப் பின் பார்த்தால், குறைகளைக் கேட்டறிந்தவர்களுக்கே வலியும் அதிகம், முடக்கமும் அதிகம். இவர்கள் கத்தி வைத்துக்கொண்டவர்கள் அல்லர். எனினும் அச்சம் முதுகில் ஏறி உட்காரும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

அப்படியானால் எதைக்கொண்டு அளப்பது? இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊரின் பெயரால் 1980-இல் வெளியான ஒரு வினாத்தாளை உலகெங்கும் முதுகெலும்பு வைத்தியர்கள் கையாளுகிறார்கள். வலியின் கடுமை, குளித்து உடுத்தல், எடை தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம், தாம்பத்தியம், நாலுபேருடன் கலந்து பழகுதல், பிரயாணம் எனப் பத்து விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்; கூட்டி இரட்டித்தால் நூற்றுக்கு இத்தனை என்று முடக்கத்தின் அளவு கிடைக்கும். 20-க்குள் இருந்தால் சொற்பம். 40-ஐத் தாண்டினால் கடுமை. (தாம்பத்தியக் கேள்விக்கு விடையளிக்கக் கூசுவோர் அதை விட்டுவிடலாம், மற்ற ஒன்பதைக் கொண்டே கணக்கிட வழியுண்டு.) தமிழில் பெயர்த்துப் பரிசோதித்த வடிவம் 2014-இல் வெளியாகியிருக்கிறது.

மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரு கணக்கர், இஸ்திரி போடுபவர் இருவருக்கும் 36 என்று வைத்துக்கொள்வோம். கணக்கருக்கு ‘உட்காருதல்’ கெட்டிருந்தால் நாற்காலியை மாற்றியும், இடையிடையே எழுந்து நடந்தும் சமாளிப்பார். மற்றவருக்கு ‘நிற்றல்’ கெட்டால் அன்றைய கூலியே இல்லை. ஆதலால் எந்த வரி கெட்டிருக்கிறது, அது சிகிச்சையால் திருந்துமா என்று வைத்தியரிடம் கேட்பதே பிரயோஜனம். காலில் இறங்கும் நரம்பு வலிக்கு ரணசிகிச்சை நன்கு கைகொடுக்கும். வெறும் இடுப்பு வலிக்கு அத்தனை நிச்சயமில்லை.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்வீடன் தேசத்து ரணசிகிச்சைப் பதிவேட்டில், டிஸ்க் சிகிச்சைக்கு வரும் பெண்கள் ஆடவரைவிட அதிக வலியோடும் முடக்கத்தோடும் வருகிறார்கள். ஓராண்டுக்குப் பின்னும் அவ்வேற்றுமை தீர்வதில்லை. நம் வீடுகளிலோ, தண்ணீர்க்குடமும் ஈரத்துணியும் ‘எடை’ என்று கணக்கில் வருவதே இல்லை. வினாத்தாளை நிரப்பும்போது வீட்டுப் பெண்கள் இவற்றையும் எடையாகவே எண்ணி விடையளிக்க வேண்டும்.

அவசரம் வேண்டியதில்லை என்பதற்கும் சான்றுண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கால் நரம்பு வலியால் வருந்திய 283 பேரை ஹாலந்தில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். உடனே ரணசிகிச்சை பெற்றவர்கள் விரைவில் தேறினார்கள். ஓராண்டு முடிவில், பொறுத்திருந்து பார்த்தவர்களும் அவர்களும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். பொறுத்திருந்தவர்களில் 39 சதவிகிதத்தினர் இடையில் சிகிச்சை செய்துகொண்டவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சிறுநீர் இறங்காமற்போனாலோ, மலம் அடங்காவிட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள், சிகிச்சைக்கு முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை, ஓராண்டில் ஒரு முறை அத்தாளை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மதிப்பேனும் குறைந்திருந்தால்தான் குணம் என்று கொள்வது வைத்தியர்களிடையே பொதுவழக்கு. எழுதப் படிக்க இயலாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்; விடையை மட்டும் அவர்களே சொல்லட்டும்.