மூடுபனியும் படக்கலைஞர் கடனும்

மலைநாட்டு நீர்நிலைகளின்மீது விடியற்காலையிற் படியும் மூடுபனியைப் படம்பிடிப்போர் தொகை பெருகியுள்ளது. இது மகிழத்தக்கதே. எனினும், அப்படங்களுட் பல ஒன்றையொன்று ஒத்திருப்பதேன்? எங்கும் வெண்மை, அதனிடையே ஒரு மரம், கீழே அசைவற்ற நீர். மனிதரைக் காணோம். இது பனியின் குற்றமன்று, பார்வையின் குற்றம் என்பதே எமது கருத்து.

பனியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தெளிந்த இரவில் மலைச்சரிவுகள் விரைந்து குளிர்கின்றன. குளிர்ந்த காற்றுக் கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. பகல் வெப்பத்தைத் தன்னகத்தே கொண்ட நீரோ அத்துணை விரைவிற் குளிர்வதில்லை. அதிலிருந்து எழும் ஆவி குளிர்காற்றிற் பட்டு நுண்டுளிகளாகின்றது. ஞாயிறு மேலேற, அது கலைந்துவிடும்.

கிடைக்கும் அச்சிறுபொழுதிலும் கமராவை முற்றாக நம்புதல் தகாது. அதன் ஒளிமானி தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கும். அதன் சொற்படி எடுத்தால் வெண்பனி அழுக்கேறிய புகைபோலத் தோன்றும். ஆதலால், அது காட்டும் அளவினும் ஏறக்குறைய இருமடங்கு ஒளியை உள்ளே விடுதல் வேண்டும். கருவி அறியாததைக் கண் அறிந்து திருத்துகின்றது.

கண் திருத்தவேண்டியது ஒளியை மட்டுமோ? மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். அது இயற்கை ஏரியன்று. 1960களின் பிற்பகுதியில் மின்னுற்பத்திக்காக அங்கே அணைகட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால், பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் இன்றும் வெளிப்படுகின்றன. கரையைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் உள. படக்காரர் கமராவை நிறுத்தும் வேளையில் லயக் காம்பிராக்களில் அடுப்பு எரிகின்றது; பெண்கள் கூடையுடன் மலையேற ஆயத்தமாகின்றனர். இவர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகத்தினர். அச்சமூகத்தாருள் எஞ்சியிருந்தோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. ஏட்டில் நெடுங்காலம் இடம்பெறாதவர்களைப் படத்திலிருந்தும் அகற்றுதல் நீதியாகுமோ?

அழகை அழகுக்காகவே காட்டலாகாதா என்று சிலர் வினவுவர். காட்டலாம். ஆயின், மங்கல் என்பது மனிதரை மறைப்பதற்கே உரியதன்று. மெல்லிய மங்கலாற் புகழ்பெற்ற படக்கலைஞர் யூலியா மார்கிரட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடைய மங்கல் மனித முகத்தின் மீதே படிந்தது. இங்கு அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் உளர்.

ஒவ்வொரு படத்திலும் ஒரு முகம் வேண்டுமென்று யாம் கூறவில்லை. லயத்திலிருந்து எழும் அடுப்புப் புகை, கொழுந்து பறிப்போர் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, கரையில் வைத்த ஒரு கூடை. இவற்றுள் ஒன்று போதும். மாணவர்க்குப் படக்கலை கற்பிக்கும் ஆசிரியர்கள், கமராவை அவர்கள் கையிற் கொடுக்குமுன் அவ்வூரின் வரலாற்றைச் சிறிது சொல்லிக் கொடுப்பாராக.