கதவு தொங்கினால் பூட்டு என்ன பண்ணும்?

பழைய அம்பாசடர் எங்காவது நின்றால், ஓனரிடம் கேட்டுவிட்டு ஒரு சின்ன டெஸ்ட் செய்து பாருங்கள். டிரைவர் பக்கக் கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ‘டொக்’கென்று ஆடினால் கீலுக்குள் பின் தேய்ந்துபோச்சு என்று அர்த்தம்.

இதற்கு நம்ம ஊரில் நடக்கும் வைத்தியம் என்ன தெரியுமா? தூண் பக்கம் இருக்கும் லாக் பிளேட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார்கள். கதவு சாத்திக்கும், ஓனரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் உள்ளே தேய்மானம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், இது ரிப்பேரே இல்லை, சமாளிப்பு.

ஒரு கணக்கு போடுவோம். கதவு 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையின் மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி, இரண்டு கீல்களுக்கும் இடைவெளி 30 செ.மீ. அப்படியென்றால் மேல் கீலைச் சுமார் 42 கிலோ விசை வெளியே இழுக்கிறது, அதே அளவு விசை கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. திரும்பத் திரும்ப ஒரே பக்கம் அழுத்துவதால் துளை ஓவல் ஆகிறது. இரண்டிலும் சேர்த்து அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தாலே போதும், 1 மீட்டர் தள்ளியிருக்கும் கதவு நுனி 1.7 மி.மீ. இறங்கிவிடும். பூட்டு மேல் என்னங்க தப்பு?

ஓவலான துளையில் அதே சைஸ் புது பின் போட்டாலும் ஆட்டம் போகாது. துளையை ரீமர் விட்டு வட்டமாக்கி, கொஞ்சம் பெரிய பின் போடணும். இல்லையென்றால் கன்மெட்டல் புஷ் அடிக்கணும். பின்னைவிடப் புஷ் மெதுவானது. அதனால் அடுத்த முறை தேயப்போவது புஷ்தான், அதை மாற்றினால் போதும். துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கணும், தப்பினால் கதவு இறுகும். கீல் மாட்டியிருக்கும் தூண் துருப்பிடித்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யணும்.

“புது கீலே வாங்கிடலாமே?” என்பீர்கள். உடைந்திருந்தால் சரி, மாற்றித்தான் ஆகணும். ஆனால் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பழைய வண்டிக்கு மதிப்பே அதன் மூல வடிவம்தான். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் அதைத்தான் கேட்கிறது. அரை மில்லிமீட்டர் தேய்ந்ததற்காக மொத்த இரும்பையும் காயலான் கடைக்கு அனுப்புவது நியாயமா?

இங்கேதான் நம்ம படிப்பு மேல் எனக்கு வருத்தம். மெஷின் டிசைன் பேப்பரில் பின்னுக்கு ஷியர் ஸ்ட்ரெஸ் போடுகிறோம். அதே பின் 40 வருடம் உழைத்த பிறகு எப்படி இருக்கும் என்று யாரும் கையில் கொடுத்துக் காட்டுவதில்லை. புதுசாகச் செய்வது மட்டும்தான் இன்ஜினியரிங், ரிப்பேர் என்றால் மெக்கானிக் வேலை என்று நாமே கோடு போட்டு வைத்திருக்கிறோம். எது, எங்கே, ஏன் தேய்ந்தது என்று பார்த்தவன்தான் அடுத்த டிசைனை ஒழுங்காகப் போடுவான்.

லேத், ரீமர், வெர்னியர் எல்லாம் நம்ம வொர்க்‌ஷாப்பிலேயே இருக்கின்றன. மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? தேய்ந்த கீல் ஒன்றைக் கொண்டுவாங்க. முன்னும் பின்னும் அளந்து எழுதுங்க. லாக் பிளேட்டில் மட்டும் கை வைக்காதீங்க!